சுவருக்கு எந்தச் சட்டை?

சென்ற தீபாவளி விடுமுறைக்கு ஊர் போய்ச் சேர்ந்த அன்று, பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே என் தந்தையார் என்னை வீட்டின் வடக்குப் பக்கம் அழைத்துச் சென்றார். "இதைப் பாரப்பா" என்றார். பார்த்தேன். தரையிலிருந்து மார்பளவு உயரம் வரை சிமெண்டுப் பூச்சு ஆங்காங்கே உப்பி நின்றது. விரலால் தட்டினால் வெறுங்குடத்தைத் தட்டியது போன்ற ஓசை. ஓரிடத்தில் பூச்சு தானாகவே பெயர்ந்து விழுந்திருந்தது. அங்கே தெரிந்த செங்கல்லைச் சாவியால் சுரண்டினேன். நாட்டுச் சர்க்கரை போல உதிர்ந்தது. "நீ சொல்லித்தானே பூசினோம்?" என்றார் தந்தையார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் வீடு கும்பகோணத்திற்கு அருகே ஒரு சிற்றூரில் இருக்கிறது. என் பாட்டனாரின் தகப்பனார் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு ஒன்றரை அடிக் கனத்தில் எழுப்பிய சுவர்கள். மேலே சுண்ணாம்புப் பூச்சு. ஆண்டுதோறும் பொங்கலுக்கு வெள்ளையடிப்பு. 2017-ஆம் ஆண்டில் நான் பொறியியலில் முதலாண்டு முடித்திருந்தேன். ஓராண்டுப் படிப்பு ஒருவனுக்குத் தரக்கூடிய பேரறிவு முழுவதும் அப்போது என்னிடம் குடிகொண்டிருந்தது. "சுண்ணாம்பெல்லாம் பழங்காலத்துச் சரக்கு, கொத்தியெறிந்துவிட்டுச் சிமெண்டு பூசினால் ஐம்பது ஆண்டுக்குக் கவலையில்லை" என்று வீட்டில் பிரசங்கம் செய்தேன். வேலைக்கு வந்த வயதான கொத்தனார், "தம்பி, பழைய சுவரு மூச்சு விடணும்" என்று மட்டும் சொன்னார். சுவராவது, மூச்சு விடுவதாவது என்று நான் நகைத்தேன். முதலில் வடக்குச் சுவரைப் பூசினோம். பணம் அவ்வளவுதான் இருந்தது. மற்ற மூன்று சுவர்களும் பிழைத்தது அதனால்தான்.

இப்போது ஒப்பந்தக்காரர் ஒருவர் புதிய யோசனை கூறியிருக்கிறார். உப்பிய சுவரை அப்படியே விட்டுவிட்டு, நாலு பக்கமும் அலுமினியப் பலகை போர்த்திவிடலாம். அல்லது கல் ஒட்டிவிடலாம். தங்கையின் திருமணத்திற்கு வீடு புது வீடாகிவிடும் என்கிறார். "எதைப் போர்த்தலாம், நீயே சொல்" என்று தந்தையார் மறுபடியும் என்னையே கேட்கிறார். ஒருமுறை கெடுத்தவனிடமே மறுமுறையும் யோசனை கேட்கும் பெருந்தன்மை பெற்றோருக்குத்தான் உண்டு. ரூர்க்கிக்குத் திரும்பிய பிறகு அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். அதையே சற்று விரித்து இங்கே தருகிறேன். நம் சங்கத்தில் கட்டடப் பொறியியல் படிப்பவர் சிலரே. ஆனால் "நீதான் வடக்கே போய்ப் படிக்கிறாயே" என்று ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்கப்போவது எல்லோரையும்தான்.

சுவரின் வெளிப்புறத்தில் நாம் போடும் எதையும் சட்டை என்று வைத்துக்கொள்வோம். பூச்சும் சட்டைதான், பலகையும் தகரமும் கல்லும் சட்டைதான். மழை உள்ளே வராமல் தடுப்பதே சட்டையின் வேலை என்று நாம் நினைக்கிறோம். அது பாதி வேலைதான். சுவருக்குள் நீர் எப்படியும் வந்துவிடும். நிலத்திலிருந்து ஏறும், விரிசல் வழியே நுழையும், சமையலறையிலும் குளியலறையிலும் எழும் ஆவியாகவும் வரும். நல்ல செங்கல் தன் எடையில் நூற்றுக்கு இருபது பங்கு வரை நீர் குடிக்கலாம் என்று நம் நாட்டுத் தரவிதியே இடங்கொடுக்கிறது. ஆகவே, வந்த நீர் வெளியே போக வழி வைப்பதுதான் சட்டையின் மறுபாதி வேலை. சென்னை வெயிலில் ரெக்சின் சட்டை போட்டுக்கொண்டு நடந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் முசூரி இருக்கிறது. நம்மில் பலர் அங்கே கம்பளித் தொப்பியும் வறுத்த சோளக்கதிருமாகப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள்தாம். அடுத்த முறை போனால் பழைய வீடுகளின் பக்கச் சுவர்களையும் கொஞ்சம் பாருங்கள். சில சுவர்களில் நெளிதகடு அடித்திருப்பார்கள். சிலவற்றில் மரப்பலகைகளை ஒன்றன் விளிம்பு அடுத்ததன்மேல் படியும்படி அடுக்கியிருப்பார்கள். ஓட்டுக் கூரையைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்தியது போல இருக்கும். ஆடி ஆவணியில் அங்கே மழை கொட்டுகிறது. மார்கழி தையில் உறைபனி விழுகிறது. நீர் உறையும்போது அதன் பருமன் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும். ஈரம் குடித்த பூச்சுக்குள் அந்நீர் உறைந்தால் பூச்சு வெடித்துப் பெயரும். பலகைக்கும் தகரத்துக்கும் அந்தத் துன்பம் இல்லை. மேலே பட்ட நீர் வழிந்தோடுகிறது. தப்பி உட்புகுந்தது பின்னாலுள்ள இடைவெளியில் இறங்கிக் காற்றில் உலர்கிறது. அந்த இடைவெளிதான் இதில் மருந்து. பலகை வெறும் அனுபானம்.

நெளிதகடு 1829-இல் இங்கிலாந்தில் உரிமை பெற்ற பொருள். துத்தநாக முலாம் பூசும் முறை 1837-இல் பிரான்சில் வந்தது. எடை குறைவு, மலையில் தூக்கிச் செல்ல எளிது, வேலை விரைவு. நம் மலைநாடுகள் அனைத்திலும் அது பரவியதற்கு இவையே காரணம். குறையும் உண்டு. மழை பெய்தால் பேச்சுக் கேட்காது, வெயிலில் கொதிக்கும், முலாம் தேய்ந்த இடத்தில் துரு ஏறும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அந்த வேலையை இன்னும் விரைவாகச் செய்துவிடும். மரத்தில் தேவதாருக்கு இணையில்லை. அதன் எண்ணெய்ப் பசையே பூச்சியையும் பூஞ்சையையும் விலக்கும். ஆனால் இக்காலத்தில் ஒரு வீட்டுக்குச் சட்டை தைக்கும் அளவுக்குத் தேவதாரு வாங்குவது என்பது நம்மைப் போன்றவர் நினைத்துப் பார்க்கக்கூடிய செலவன்று.

1897-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அஸ்ஸாமைப் பெருநிலநடுக்கம் குலுக்கியது. ஷில்லாங்கின் கல் கட்டடங்கள் சரிந்தன. அதன்பின் அங்கே வழக்கமான வீடு, மரச்சட்டத்தின் இடையே இக்ரா என்னும் நாணலைப் பரப்பி, அதன்மேல் பூச்சுப் பூசி, தகரக் கூரை போட்டது. 'அஸ்ஸாம் வகை' என்றே அதற்குப் பெயர். சுவர் கனமற்றது, ஆடினாலும் ஆளை நசுக்காது. சட்டையைத் தேர்வதில் எடைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அந்த ஊர்க்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். ரூர்க்கியில் இருக்கும் நாமும் நிலநடுக்கப் பகுதியில்தான் படுத்துறங்குகிறோம்.

எடை என்றதும் கல் நினைவுக்கு வருகிறது. தில்லிக்குப் போகிறவர்கள் அங்கே தோல்பூர் மணற்கல் போர்த்திய கட்டடங்களைக் கண்டிருப்பீர்கள். அழகுதான், மறுக்கவில்லை. வெயிலும் தூசியும் அதை அசைப்பதில்லை. ஆனால் முப்பது மில்லிமீட்டர் கனமுள்ள மணற்கல் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 70 கிலோ நிற்கும். அதைத் துருவேறா எஃகுக் கொக்கிகளில் மாட்டி, பின்னால் இடைவெளி விட்டு அமைப்பது ஒரு முறை. செலவு மிகுதி, நல்ல முறை. சிமெண்டுக் கலவையைத் தடவி ஒட்டுவது மற்றொரு முறை. வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவது. தரைக்கு ஒட்டும் ஓட்டையே சுவருக்கும் ஒட்டிவிட்டு, இரண்டாவது மாடி உயரத்தில் கலவை பிடிப்பு விட்டால், கீழே நிற்பவன் தலைக்குத்தான் ஆபத்து. எங்கள் ஒப்பந்தக்காரர் சொன்னதும் ஒட்டும் முறைதான். உதிர்கின்ற செங்கல்லின்மேல் எதை ஒட்டினால் எது நிற்கும்?

அலுமினியப் பலகை என்று ஊரில் வழங்குவது முழு அலுமினியம் அன்று. அரை மில்லிமீட்டர் அளவு மெல்லிய இரண்டு தகடுகளின் நடுவே நெகிழியை வைத்து அழுத்தியது. மொத்தக் கனம் மூன்று நான்கு மில்லிமீட்டர். கடைவீதி முழுவதும் பளபளப்பது இதுதான். நடுவிலுள்ளது சாதாரணப் பாலித்தீன் என்றால் அது எரியும். 2017 ஜூன் 14 அன்று இலண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் என்னும் 24 மாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டின் சமையலறையில் பற்றிய தீ, வெளிப்புறத்தில் போர்த்தியிருந்த இத்தகைய பலகைகள் வழியே கட்டடம் முழுவதும் ஏறியது. 72 பேர் மாண்டனர். அதே 2017-இல்தான் நான் சிமெண்டுப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். தீயைத் தாங்கும் உட்பொருள் வைத்த பலகைகளும் விற்கின்றன. ஆனால் வாங்குபவர் கேட்டால்தான் கிடைக்கும், விலையும் கூடுதல். ஒப்பந்தக்காரரிடம் "நடுவில் என்ன இருக்கிறது?" என்று தந்தையார் கேட்டதற்கு, "எல்லாம் நல்ல கம்பெனிச் சரக்குதாங்க" என்று விடை வந்ததாம்.

அமெரிக்காவில் வினைல் சட்டை வெகு பிரபலம். அது குழாய்க்குப் பயன்படும் பிவிசி-யின் உறவு. 1950-களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்தது. வண்ணம் அடிக்க வேண்டியதில்லை, மலிவு. பன்னிரண்டடி நீளமுள்ள துண்டு வெயிலிலும் குளிரிலும் அரை அங்குலம் வரை நீண்டு குறுகும் என்பதால் ஆணியை இறுக்கி அடிக்காமல் நீள்துளையில் தளர்வாகவே அடிப்பார்கள். அங்கே வீடு என்பது மரச்சட்டம். சட்டை இல்லாவிட்டால் அது வீடே அன்று. நம் செங்கற்சுவரோ தானே உடம்பு, தானே எலும்பு. அவர்கள் பட்டியலை நாம் அப்படியே எடுத்துக்கொள்வதில் பயனில்லை.

சிமெண்டு நாரிழைப் பலகையைப் பற்றி ஒரு சொல். முற்காலத்தில் இதில் ஆஸ்பெஸ்டாஸ் இழை சேர்த்தார்கள். அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்று தெரிந்தபின் மரநார் சேர்த்த பலகைகள் வந்தன. தீப்பிடிக்காது, கரையான் அரிக்காது. சட்டமிட்டு இடைவெளியுடன் பொருத்தினால் புது வீட்டுக்கு நல்ல சட்டை. அறுக்கும்போது எழும் தூளை மட்டும் மூச்சில் வாங்கக் கூடாது. இடைவெளியின் மேலும் கீழும் வலை அடிக்காவிட்டால் பல்லியும் எலியும் வாடகையின்றிக் குடியேறிவிடும்.

நிற்க. எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். வடக்குச் சுவர் ஏன் கெட்டது?

சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. எஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் நீர் வார்த்தால் கொதித்து நீறுகிறது. மணல் சேர்த்துச் சுவரில் பூசியபின், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. நம் ஊர்க் கொத்தர்கள் இதோடு கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து, செக்கில் நாட்கணக்கில் அரைப்பார்கள். இப்படிக் கல்லானாலும் அது நுண்துளைகள் நிறைந்த கல். நீராவி அதன் வழியே போய் வரும்.

சிமெண்டு வேறு பிறவி. 1824-இல் ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் ஆங்கிலேயர் உரிமை பெற்ற போர்ட்லண்டு சிமெண்டின் வழிவந்தது அது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் 1450 பாகை வரை சுட்டு அரைத்தது. நீரோடு சேர்ந்தே இறுகும், விரைவாக இறுகும், வலிமையாக இறுகும். நம் நாட்டில் 1914-இல் போர்பந்தர் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. எங்கள் பூட்டனார் வீடு கட்டிய காலத்தில் அது எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்த்திருக்காது.

அந்தக் காலத்து வீடுகளில் அடித்தளத்துக்கு மேல் ஓதம் தடுக்கும் படலம் கிடையாது. காவிரிப் பாசனப் பூமி, தோண்டினால் நீர். திரி எண்ணெயை உறிஞ்சுவது போல் சுவர் நிலத்து நீரை உறிஞ்சும். முன்பெல்லாம் அந்த நீர் முழங்கால் உயரம் ஏறுவதற்குள் சுண்ணாம்புப் பூச்சின் வழியே காற்றில் கலந்துவிடும். கூடவே வந்த உப்பு பூச்சின் மேற்புறத்தில் பூத்து நிற்கும். பொங்கலுக்குச் சுரண்டி வெள்ளையடிப்போம். அது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். உப்பைத் தானே ஏற்று உதிர்ந்து செங்கல்லைக் காப்பதே அந்த வெள்ளையின் வேலை; ஆண்டுக்கொருமுறை தோலை மாற்றியிருக்கிறோம்.

நான் சொன்னபடி, ஒன்றுக்கு நாலு கலவையில் இருபது மில்லிமீட்டர் சிமெண்டுப் பூச்சு ஏறியது. அதன்மேல் நீர்புகா வண்ணமும் அடித்தோம். நிலத்து நீர் நிற்கவில்லை; வெளியே போகும் வழிதான் நின்றது. நீர் மேலே மேலே ஏறி மார்பளவு வந்தது. பாட்டியின் அறையில் உட்புறச் சுவர் வழியே கசிந்தது. உப்பு பூச்சுக்குப் பின்னால், செங்கல்லின் முகத்திலேயே படிகமாகிச் செங்கல்லைப் பிளந்தது; பூச்சைத் தள்ளியது. மற்றொன்று: சுண்ணாம்புச் சுவர் வெயிலுக்கும் மழைக்கும் சற்றே அசைந்து கொடுக்கும். விறைப்பான சிமெண்டு அசையாது, மயிரிழையாக வெடிக்கும். எங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கிறது. அந்த மயிரிழை வெடிப்புகள் அதை உறிஞ்சி உள்ளே விட்டன, உலர விடவில்லை. கொங்கணத்திலும் கேரளத்திலும் மேற்குச் சுவர் நனையும். எங்களுக்கு வடக்கும் கிழக்கும். முதல் கேள்வி 'எந்தப் பொருள்?' என்பதன்று, 'எந்தச் சுவர், எந்தத் திசை?' என்பதே என்று இப்போது தோன்றுகிறது.

சிமெண்டின்மேல் பழி போடுவதாக எண்ண வேண்டாம். சிமெண்டுக் கலவையில் கட்டி, ஓதத் தடை வைத்த புதுச் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சே பொருத்தம், மலிவும்கூட, எந்த ஊரிலும் ஆள் கிடைக்கும். பூசியபின் ஒரு வாரம் நீர் தெளித்துப் பதப்படுத்தினால் போதும். பூசாமலே விடுவதும் ஒரு வழி. கேரளத்தில் பல வீடுகளை வெறுஞ்செங்கல்லாகவே கட்டிக் காட்டிய லாரி பேக்கர் (1917–2007), அதற்கு முன் பல ஆண்டுகள் நம் ரூர்க்கிக்குக் கிழக்கே பித்தோரகட் மலைப்பகுதியில் வாழ்ந்தவர். ஆனால் அதற்கு நன்றாக வெந்த செங்கல்லும், நீண்ட கூரைத் தாழ்வாரமும், கை சுத்தமான கொத்தனாரும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பூச்சே மேல்.

சுண்ணாம்பிலும் வலிமை இருக்கிறதா என்று ஐயுறுவோர் ஒரு மாலை சோலானி மேம்பாலக் கால்வாய் வரை நடந்துவிட்டு வரலாம். 1854-இல் திறந்த கங்கைக் கால்வாயை ஆற்றின் குறுக்கே தூக்கிச் செல்ல, ஐம்பதடி அகலமுள்ள பதினைந்து வளைவுகளைச் செங்கல்லும் சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கொண்டே கட்டினார்கள். நான் நாள்தோறும் மாலையில் தேநீர் குடித்துக்கொண்டு பார்த்த பாலம்தான். பார்த்தும் என்ன? பிரசங்கம் செய்தவனுக்குக் காது கேட்பதில்லை; கண்ணும் தெரிவதில்லை போலும்.

கடிதத்தில் தந்தையாரை முதலில் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். ஒரு முழச் சதுரப் பாலித்தீன் தாளை வடக்குச் சுவரில் நாலு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டுநாடாவால் ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். தாளின் வெளிமுகத்தில் ஈரம் என்றால் அது காற்றின் ஈரம். உள்முகத்தில் துளிர்த்தால் சுவரின் ஈரம். மூன்றாம் நாள் தங்கை படம் அனுப்பினாள். உள்முகத்தில் முத்து முத்தாக நீர். சுண்ணாம்புப் பூச்சு எஞ்சியிருந்த கிழக்குச் சுவரில் ஒட்டிய தாள் வெறும் மூட்டத்தோடு நின்றது. அதன்பின் பலகை போர்த்தும் பேச்சைத் தந்தையாரே நிறுத்திவிட்டார். போர்த்தியிருந்தால் சுவர் உள்ளே கரைவது நாலைந்து ஆண்டுகளுக்கு நம் கண்ணில் படாமல் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

தை மாதத்தில் சிமெண்டைக் கொத்தி எடுத்தார்கள். வேலைக்கு வந்தவர் அதே கொத்தனார். "என்ன தம்பி, சுவரு மூச்சு விடுதா?" என்று தொலைபேசியில் கேட்டார். "விடுதுங்க ஐயா" என்றேன். உதிர்ந்த செங்கற்களை மாற்றியாயிற்று. சுவரை ஒட்டி நாங்கள் போட்டிருந்த சிமெண்டுத் தளத்தையும் ஒன்றரை அடி அகலத்துக்கு வெட்டி எடுத்துச் சரளை நிரப்பச் சொன்னேன். வடக்குத் தாழ்வாரத்தை ஓரடி நீட்டுகிறார்கள். எந்தச் சட்டைக்கும் மேல் குடை ஒன்று இருப்பது நல்லது. பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில் சுவர் நன்றாகக் காய வேண்டும். ஆனியில் சுண்ணாம்பு பூசினால் ஐப்பசி மழைக்குள் ஓரளவு இறுகிவிடும். சுண்ணாம்பு அவசரத்துக்கு வராது. நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். பூசியபின் கடும் வெயில் படாமல் சாக்குத் தொங்கவிட்டு ஈரம் காக்க வேண்டும். கூலியும் சிமெண்டுக்கு ஆகும் கூலியைவிடக் கூடுதல். வேலை தெரிந்தவரும் அரிது. எங்கள் கொத்தனாருக்கு எழுபதை நெருங்கும் வயது. அவரோடு வரும் இரண்டு இளைஞர்களுக்கும் அவர் கலவைப் பக்குவம் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேட்டபோது, பணம் போனது அத்தனை பெரிதாகத் தோன்றவில்லை.

தந்தையாருக்குக் கல் ஆசை முற்றும் விடவில்லை. கொல்லையில் 2012-இல் சிமெண்டுக் கல்லால் கட்டிய புது அறை ஒன்று உண்டு. ஓதத் தடையும் வைத்த, ஒற்றை மாடிச் சுவர். அதில் இடுப்பளவுக்குக் கல் பதித்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். "கொல்லையில் பதித்தால் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்கிறார். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

திருமணம் வைகாசியில். அதுவரை வடக்குச் சுவர் செங்கல் தெரிய அப்படியேதான் நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பக்கமாகத்தான் வருவார்களாம்; அம்மாவுக்கு அதுதான் கவலை. பந்தல்காரரிடம் சொல்லி, வடக்குப் பக்கம் முழுவதும் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளித் தென்னங்கீற்றுத் தட்டி கட்ட ஏற்பாடு செய்திருக்கிறோம். நடுவில் காற்றோட்டமாக இருக்கும்.